முதலில் சருகு, பிறகு தொட்டி: அடுக்குமாடிக் குடியிருப்பில் கூட்டாக உரம் தயாரிக்கும் முறை

நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து சமையலறைக் கழிவை உரமாக்கலாம் என்று முடிவெடுத்தால், எல்லோரும் முதலில் தேடிப் போவது தொட்டியைத்தான். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். தொட்டி வந்த அன்றே வாளி வாளியாகக் காய்கறித் தோலைக் கொட்டினோம். எட்டாம் நாள் மூடியைத் திறந்தபோது அழுகிய முட்டையின் நாற்றம் முகத்தில் அறைந்தது. கிளறிப் பார்த்தால் அடியில் எல்லாம் கறுத்து, கூழாகி, நீர் கோத்துக் கிடந்தது. ஜன்னலைத் திறக்க முடியவில்லை என்று தரைத்தளத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் தவறே இல்லை.

அந்தக் கூழை அள்ளிச் சருகோடு புரட்டி எடுக்க ஒரு வாரம் பிடித்தது. அந்த வாரத்தில்தான் புரிந்தது, கழிவைச் சேர்ப்பதற்கு ஒரு மாதம் முன்பே சருகைச் சேர்த்திருக்க வேண்டும் என்று. கூட்டு உரத் திட்டங்கள் பெரும்பாலும் நாற்றத்தால்தான் நின்றுபோகின்றன. அந்த நாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் சருகுப் பஞ்சம்தான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

உள்ளே நடப்பது என்ன?

உரத்தொட்டி என்பது கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கும் வீடு. அவற்றுக்கு உணவு, காற்று, ஈரம் மூன்றும் வேண்டும். உணவில் கார்பன் எரிபொருளாகவும், நைட்ரஜன் உடம்பை வளர்க்கவும் பயன்படுகிறது. ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருந்தால் அவை சுறுசுறுப்பாக வேலை செய்யும். காய்கறி, பழக் கழிவில் இந்த விகிதம் 15 முதல் 20 வரைதான் இருக்கிறது. காய்ந்த இலைகளில் 40 முதல் 80 வரை, மரத்தூளில் பல நூறு. ஈரக் கழிவை மட்டும் கொட்டினால் நைட்ரஜன் மிஞ்சி அம்மோனியாவாக வெளியேறும். அதோடு, ஈரக் கழிவு தன் கனத்தாலேயே அமுங்கி உள்ளே காற்று புகாமல் செய்துவிடும். காற்றில்லாத இடத்தில் வேறு வகை நுண்ணுயிர்கள் தலையெடுக்கும். நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் அவற்றின் வேலை. மீத்தேன் 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 27 மடங்கு புவியைச் சூடாக்கக் கூடியது. குப்பைமேட்டில் நடப்பது இதுதான். அதையே நம் வளாகத்துக்குள் செய்துகொண்டிருப்பதில் பொருளில்லை.

சருகு இந்த இரண்டு குறைகளையும் ஒருசேரத் தீர்க்கிறது. கார்பனைத் தருகிறது, இடைவெளி விட்டுக் காற்றுக்கும் வழிவிடுகிறது. இது நேற்று வந்த கண்டுபிடிப்பு அல்ல. 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றிய ஆங்கிலேயத் தாவரவியல் அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்ட், தாவரக் கழிவையும் சாணத்தையும் அடுக்கடுக்காக இட்டு, குறித்த நாட்களில் புரட்டிவிடும் முறையை ஒழுங்குபடுத்தினார். 'இந்தூர் முறை' என்று உலகம் முழுவதும் பரவிய அதன் சாரம்தான் இன்றைய தொட்டிகளிலும் இருக்கிறது.

எத்தனை வீடுகள்? எவ்வளவு கழிவு?

மொத்தக் குடியிருப்பையும் முதல் நாளே இழுத்துவர முயல வேண்டாம். ஆர்வமுள்ள ஐந்து முதல் பத்து வீடுகள் போதும். அவர்கள் ஒரு வாரம் தங்கள் கழிவைத் தனியே பிரித்து, தினமும் எடைபோட்டுக் குறித்துக்கொள்ளட்டும். பிரிக்கும் பழக்கம் அந்த ஒரு வாரத்திலேயே படிந்துவிடும். எவ்வளவு இடம் வேண்டும் என்ற கணக்கும் கையில் கிடைக்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு: பத்து வீடுகள், வீட்டுக்கு நாளொன்றுக்கு அரை கிலோ என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 35 கிலோ. ஒரு லிட்டர் காய்கறிக் கழிவு ஏறக்குறைய அரை கிலோ எடை வரும். ஆக, வாரம் 70 லிட்டர் கழிவு. அதற்கு இரு மடங்கு சருகு, அதாவது 140 லிட்டர். மாதத்துக்கு 600 லிட்டர் சருகு வேண்டும். 100 லிட்டர் பிடிக்கும் சாக்கு என்றால் ஆறு சாக்குகள். இந்த ஆறு சாக்கும் நிரம்பி நனையாத இடத்தில் அடுக்கப்பட்ட பிறகுதான் முதல் வாளிக் கழிவு தொட்டிக்குள் விழ வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

குடியிருப்போர் சங்கத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளாட்சி அமைப்பின் விதிகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எல்லோருக்கும் முன்பாக, தொட்டிக்கு மிக அருகில் ஜன்னல் உள்ள வீட்டாரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். அவர்களுடைய சம்மதம் சங்கத்தின் கையெழுத்தைவிட முக்கியம்.

இடம்

வெறும் மண்தரை கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. மிஞ்சிய நீர் மண்ணில் இறங்கும். மண்புழுக்கள் தாமாகவே ஏறிவரும். சிமெண்டுத் தரையானால், வடியும் நீரைப் பிடிக்க அடியில் ஒரு தட்டு வையுங்கள். நிழல், பக்கத்தில் தண்ணீர்க் குழாய், மழைக்கு மறைப்பு, ஜன்னல்களிலிருந்து விலகல் ஆகியவற்றைப் பாருங்கள். மக்கள் அன்றாடம் நடந்துபோகும் வழியில் இருந்தால் வாளி தவறாமல் வந்துசேரும். வளாகத்தின் கோடியில் மறைத்து வைத்த தொட்டிக்குப் பத்து நாளுக்குப் பிறகு யாரும் போவதில்லை.

மொட்டைமாடியில் வைக்க விரும்புகிறவர்கள் எடையைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு கன மீட்டர் ஈர உரம் அரை டன்னைத் தொடும், சில சமயம் தாண்டும். கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் அங்கே பெரிய தொட்டி வேண்டவே வேண்டாம்.

சருகைச் சேர்ப்பது

வளாகத்தில் மரங்கள் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பெருக்கும் தொழிலாளர்களிடம் பேசி, இலைகளைக் குப்பையோடு கலக்காமல் சாக்கில் கட்டிவைக்கச் சொல்லுங்கள். அது அவர்களுக்குக் கூடுதல் வேலை. அதற்குரிய ஊதியத்தைச் சங்கமோ குழுவோ கொடுக்க வேண்டும். அருகிலுள்ள பூங்காக்களிலும் பள்ளிகளிலும் கேட்டுப் பாருங்கள். இலை உதிரும் பருவத்தில் ஆண்டு முழுமைக்கும் சேர்த்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது.

அகலமான, மெழுகுப் பளபளப்புள்ள இலைகளை முழுசாகப் போட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு பாய் விரித்தது போலாகிவிடும். காற்றும் நீரும் அதைத் தாண்டாது. சாக்கில் இருக்கும்போதே நன்றாக மிதித்து நொறுக்குங்கள். குழந்தைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் ஒரு மாலைக்குள் நாலு சாக்கு நொறுங்கிவிடும்.

சருகு குறைந்தால் நெளிவு அட்டைப்பெட்டிகளையும் முட்டை வைக்கும் அட்டைகளையும் கிழித்துப் போடலாம். ஒட்டுநாடாவை உரித்துவிடுங்கள், பளபளப்பான அட்டை வேண்டாம். மரத்தூள் கார்பன் மிகுந்தது, ஆனால் தனியே போட்டால் இறுகிவிடும். சருகோடு கலந்தே போடுங்கள். ஒட்டுப்பலகை அறுத்த தூளையும், சாயமோ மருந்தோ ஏற்றிய மரத்தின் தூளையும் வாங்காதீர்கள்.

மூன்று தொட்டிகள்

ஒரு தொட்டி நிரம்பிக்கொண்டிருக்க, இரண்டாவது வெந்துகொண்டிருக்க, மூன்றாவது ஆறிக்கொண்டிருக்க வேண்டும். ஒரே தொட்டியில் நாள்தோறும் கொட்டிக்கொண்டே இருந்தால் எந்த நாளும் உரம் முழுமையாகத் தயாராகாது. பழையதும் புதியதும் கலந்தே கிடக்கும்.

நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டர் என்பது நல்ல அளவு. அதைவிடச் சிறிய குவியலில் உள்ளே உண்டாகும் சூடு தங்காமல் வெளியேறிவிடும். மேலே சொன்ன பத்து வீட்டுக் கணக்கில், கழிவு அமுங்குவதையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு தொட்டி நிரம்ப ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும்.

பழைய சரக்குப் பலகைகளை வைத்தே தொட்டி கட்டலாம். அவற்றில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 'எச்.டி.' (HT) என்ற எழுத்துகள் சூடேற்றிப் பதப்படுத்தியதைக் குறிக்கும், அது பரவாயில்லை. 'எம்.பி.' (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகையூட்டியது, வேண்டாம். எலி நுழையாமலிருக்க அடியிலும் பக்கங்களிலும் 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பிவலையை அடியுங்கள். முதலிலேயே இதைச் செய்வது எளிது. எலி வந்த பிறகு தொட்டியைக் காலி செய்துவிட்டுத்தான் அடிக்க வேண்டியிருக்கும்.

மண்வாரி, பல் வைத்த வாரி, சல்லடை, கையுறை, நீளத் தண்டுள்ள வெப்பமானி ஆகியவை இருந்தால் மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டுக்குள் வாளி

மூடியுள்ள சிறு வாளி. அடியில் ஒரு செய்தித்தாள் மடிப்பு. ஒவ்வொரு முறை கழிவு போட்ட பிறகும் மேலே ஒரு பிடி சருகோ மரத்தூளோ. இரண்டு நாளுக்கு ஒருமுறை கீழே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அது முடியாதவர்கள் கழிவைப் பையில் கட்டி உறைபெட்டியில் வைத்திருக்கலாம். ஈயும் இல்லை, வாடையும் இல்லை.

காய்கறி, பழத் தோல்கள், கீரைத் தண்டு, காபிச் சக்கை, தேயிலை, நொறுக்கிய முட்டை ஓடு, வாடிய பூ எல்லாம் போகலாம். பெரிய துண்டுகளை நறுக்கிப் போட்டால் சீக்கிரம் மக்கும். இறைச்சி, மீன், எலும்பு, பால் பொருள்கள், எண்ணெய், மிஞ்சிய சமைத்த உணவு ஆகியவை எலியை வரவழைக்கும். தொடக்கத்தில் முற்றிலும் விலக்குங்கள். நாய், பூனை ஆகியவற்றின் கழிவும் கூடாது. சில தேயிலைப் பைகளில் பிளாஸ்டிக் இழை இருக்கிறது. கிழித்துத் தூளை மட்டும் போடுங்கள். பழங்களில் ஒட்டியிருக்கும் சிறு லேபிளை உரிக்க மறந்தால் ஆறு மாதத்துக்குப் பிறகு உரத்துக்குள்ளிருந்து அது அப்படியே புதிதாக எட்டிப் பார்க்கும்.

'மக்கும் பிளாஸ்டிக்' என்று அச்சிட்ட பைகளைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அவற்றில் பல, பெரிய ஆலைகளில் நீண்ட நாள் நீடிக்கும் உயர் வெப்பத்தில் மக்கும்படி செய்யப்பட்டவை. நம் தொட்டியில் அவை துண்டு துண்டாகக் கிடக்கும். வேண்டாம் என்று விதியாகவே எழுதிவிடுங்கள்.

கொட்டும் முறை

தொட்டியின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சுள்ளிகளைப் பரப்புங்கள். காற்று அடியிலிருந்து ஏறும். அதன்மேல் ஓர் அடுக்குச் சருகு. முன்பே தயாரான உரம் எங்காவது கிடைத்தால் இரண்டு கை தூவுங்கள். விலை கொடுத்து வாங்கும் ஊக்கிப் பொடிகள் கட்டாயமில்லை, தேவையான நுண்ணுயிர்கள் இலையிலும் மண்ணிலும் ஏற்கெனவே இருக்கின்றன.

பிறகு தினமும் நடக்க வேண்டியது இவ்வளவுதான். நடுவில் சிறு குழி பறி, ஒரு வாளிக் கழிவைக் கொட்டு, கிளறு, இரண்டு வாளிச் சருகால் மூடு. எங்கள் தொட்டியருகே சருகுச் சாக்கின் மேலேயே கழிவு வாளியின் அளவில் இன்னொரு வாளியைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டோம். 'ஒன்றுக்கு இரண்டு' என்று பலகையில் எழுதியதைவிட அந்த வாளிதான் பலன் தந்தது. ஐந்தாம் மாடியிலிருந்து வரும் பாட்டி ஒருவர், கொட்டி முடித்ததும் தொட்டியைச் சுற்றி ஒருமுறை வந்து குனிந்து பார்ப்பார். ஓர் ஆரஞ்சுத் தோல் வெளியே தெரிந்தால்கூட இன்னொரு பிடிச் சருகை அள்ளி அதன்மேல் போட்டுவிட்டுத்தான் மாடி ஏறுவார். ஈர்ப்பதற்கு எதுவும் வெளியே இல்லாதபோது ஈ எதற்கு வரும்?

ஈரம், சூடு, புரட்டல்

ஈரத்தை அளக்கக் கையே போதும். உள்ளிருந்து ஒரு பிடி எடுத்து இறுகப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு துளி கசிந்தால் சரி. நீர் ஒழுகினால் சருகு சேர்க்க வேண்டும். பிடி உருண்டை நிற்காமல் உதிர்ந்தால் நீர் தெளிக்க வேண்டும். சரியான ஈரம் என்பது எடைக் கணக்கில் 50 முதல் 60 விழுக்காடு.

தொட்டி நிரம்பியதும் முழுவதையும் புரட்டி இரண்டாம் தொட்டிக்கு மாற்றுங்கள். புதுக் காற்று புகுந்ததும் குவியல் மளமளவென்று சூடேறும். முதன்முறை எங்கள் குவியலை ஒரு விடியற்காலையில் வாரியால் பிளந்தபோது நடுவிலிருந்து ஆவி புகைபோல் எழுந்தது. வெப்பமானியில் 58 டிகிரி செல்சியஸ். சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கையை நீட்டிப் பார்த்தார்கள். அடுப்பில்லை, மின்சாரமில்லை, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் உண்டு செரித்ததில் பிறந்த சூடு அது.

40 டிகிரிக்கு மேல் வெப்பம் விரும்பும் நுண்ணுயிர்கள் பொறுப்பேற்கின்றன. 55 டிகிரிக்கு மேல் தொடர்ந்து நீடித்தால் நோய்க் கிருமிகளும் களை விதைகளும் மடியும். திறந்த குவியலில் ஓரங்கள் நடுவைவிடக் குளிர்ந்தே இருக்கும். ஆகவே 55 டிகிரிக்கு மேல் 15 நாட்கள், அதற்குள் ஐந்து முறை புரட்டல் என்பது பெரிய உரக்களங்கள் கடைப்பிடிக்கும் கணக்கு. புரட்டும்போது ஓரத்தில் இருப்பது நடுவுக்கும், நடுவில் இருப்பது ஓரத்துக்கும் போக வேண்டும். 65 டிகிரியைத் தாண்டினால் நல்ல நுண்ணுயிர்களும் சாகத் தொடங்கும், உடனே புரட்டிவிடுங்கள். உங்கள் குவியல் சிறியது, 45-க்கு மேல் ஏறவில்லை என்றால் கவலை வேண்டாம். உரம் ஆகும், மெதுவாக ஆகும்; நோயுற்ற செடிகளையும் விதை முற்றிய களைகளையும் மட்டும் அதில் சேர்க்காதீர்கள்.

புரட்டும்போது கையுறை அணியுங்கள். காய்ந்து தூசி பறந்தால் முதலில் நீர் தெளியுங்கள், முகக்கவசமும் போடுங்கள். அந்தத் தூசியில் பூஞ்சை வித்துகள் இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் புரட்டும் வேலையைக் கொடுக்காமல், பதிவேட்டைக் கொடுங்கள்.

நாற்றமும் பூச்சியும்

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்றில்லை. சருகு கலந்து அன்றே புரட்டுங்கள். மூக்கில் சுருக்கென்று ஏறும் அம்மோனியா வாடை என்றால் நைட்ரஜன் மிஞ்சிவிட்டது. அதற்கும் மருந்து சருகும் அட்டையும்தான். சூடே ஏறவில்லையா? ஒன்று காய்ந்திருக்கும், அல்லது சருகு அளவுக்கு மீறியிருக்கும். பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எறும்பு புற்று வைத்தால் நீர் போதவில்லை. பழ ஈக்கள் மொய்த்தால் மேல்மூடாக்கைக் கனமாக்குங்கள்.

ஒருநாள் தடித்த, சாம்பல் பழுப்பு நிறப் புழுக்கள் கூட்டமாக நெளிவதைப் பார்த்து யாராவது அலறக்கூடும். அவை கருப்புச் சிப்பாய் ஈயின் புழுக்கள். கடிக்காது, நோய் பரப்பாது. வளர்ந்த ஈ வீட்டு ஈயைப் போல உணவுத் தட்டைத் தேடி வருவதும் இல்லை. கழிவை அசுர வேகத்தில் தின்று தீர்க்கும். ஆனால் அவை பெருகியிருப்பது தொட்டி ஈரமாக இருப்பதற்கு அடையாளம். கண்ணுக்கு உறுத்தினால் சருகைக் கூட்டுங்கள், குறைந்துவிடும். குவியலுக்குள் சாம்பல் தெளித்தாற்போல் வெள்ளை இழைகள் படர்ந்திருந்தால் அது ஆக்டினோமைசீட்ஸ் என்ற பாக்டீரியா வகை; முதல் மழைக்கு மண்ணிலிருந்து எழும் மணத்தைத் தருகிற அதே இனம். அதைக் கண்டால் வேலை நன்றாக நடக்கிறது என்று பொருள்.

முறை வைப்பது

தொட்டியைவிட மனிதர்களை நிர்வகிப்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். 'எல்லோரும் பார்த்துக்கொள்வோம்' என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். வாரத்துக்கு இரண்டு வீடுகள் என்று முறைப்பட்டியல் போடுங்கள். ஒரு வீடு அனுபவமுள்ளது, மற்றது புதியது. ஈரம் பார்ப்பது, வெப்பம் குறிப்பது, சருகு இருப்பைப் பார்ப்பது அவர்கள் பொறுப்பு. ஒரு நாளுக்குக் கால் மணி நேரம் போதும். தொட்டியருகே ஒரு நோட்டும் பென்சிலும் கட்டித் தொங்கட்டும். வாட்ஸ்அப் குழு அறிவிப்புக்கு உதவும். ஆனால் மூன்று மாதத்துக்கு முன் என்ன வெப்பம் இருந்தது என்று தேடும்போது நோட்டுதான் கைகொடுக்கும். சருகு இரண்டு சாக்காகக் குறைந்ததும் எச்சரிக்கை எழுத வேண்டும் என்பதையும் விதியாக வையுங்கள்.

பிளாஸ்டிக்கோ எலும்போ தொட்டியில் கிடந்தால், யார் போட்டது என்று விசாரணை நடத்தாதீர்கள். எடுத்துவிட்டு, 'இது மக்காது' என்று பொதுவாகக் குழுவில் சொல்லுங்கள். ஒருவரைப் பெயர் சொல்லிச் சுட்டினால் அவர் திருந்துவதற்குப் பதில் வாளியையே நிறுத்திவிடுவார். புதிதாக வீடு மாறி வருகிறவர்களுக்கு முதல் வாரமே ஒருவர் கூடப் போய்க் கொட்டும் முறையைச் செய்துகாட்ட வேண்டும். துண்டுப் பிரசுரம் அந்த வேலையைச் செய்யாது.

உரம் எப்போது தயார்?

சூடு தணிந்த பிறகும் குவியலை நாலு முதல் எட்டு வாரங்கள் மூன்றாம் தொட்டியில் ஆறவிடுங்கள். ஆறாத உரம் வேரைச் சுடும், மண்ணிலுள்ள நைட்ரஜனையும் தனக்கே இழுத்துக்கொள்ளும். முதல் வாளியிலிருந்து கணக்கிட்டால் நாலிலிருந்து ஆறு மாதம் ஆகும். அளவு பாதிக்கும் கீழே குறைந்திருக்கும். நிறம் கறுத்து, போட்ட பொருள் எது என்று அடையாளம் தெரியாமல், மண்வாசனை வீச வேண்டும்.

சந்தேகம் இருந்தால், ஒரு பிடி ஈர உரத்தைப் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வைத்துத் திறந்து முகருங்கள். மண்வாசனையே வந்தால் தயார். புளிப்போ நாற்றமோ வந்தால் இன்னும் ஆறட்டும். இன்னொரு சோதனை, முள்ளங்கி விதை பத்தை உரத்திலும் பத்தைச் சாதாரண மண்ணிலும் விதைப்பது. இரண்டிலும் ஒன்றுபோல் முளைத்தால் நம்பிப் பயன்படுத்தலாம்.

தொட்டிச் செடிகளுக்கு மண்ணோடு நாலில் ஒரு பங்கு உரம் போதும். வெறும் உரத்தில் நட்டால் உப்பு மிகுந்து இளஞ்செடி வாடும். தட்டில் வடிந்த நீரைச் செடிக்கு ஊற்ற வேண்டாம். அதில் பாதி மக்கிய பொருளும் கிருமியும் இருக்கலாம், குவியலுக்கே திருப்பி ஊற்றுங்கள். பங்கு பிரிப்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். வாளி கொண்டுவந்த வீடுகளுக்குச் சம பங்கு, மிச்சம் வளாகத்து மரங்களுக்கு என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். செடி வளர்க்காதவர்களும் தங்கள் பங்கைக் கேட்டு வாங்கி, அதைத் தரைத்தள வீட்டாரின் பூச்செடிகளுக்குக் கொடுத்தார்கள்.

10 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்த பிறகு மேலே தங்கும் சுள்ளிகளையும் மக்காத துண்டுகளையும் எறிந்துவிடாதீர்கள். நுண்ணுயிர்கள் அப்பிய அந்தச் சக்கைதான் அடுத்த தொட்டிக்கு அடியில் பரப்ப ஏற்றது.